‘ஒன்று’ வாங்கியதை எப்படிச் சொல்வது? ஜெர்மனி கல்வி: வாசகர் கேள்வி – பதில்

ஜெர்மனியில் படிப்பவர்கள், படிக்கப் போகிறவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் மதிப்பெண்ணையும் தனித்துத் தெரிவதையும் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். அங்கே பள்ளி மதிப்பெண்ணில் 1 உச்சம், 6 கடைசி; எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். பள்ளிக்கல்வி அங்கே 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஒரு மாநிலத்துக்குச் சொன்னதை அடுத்த மாநிலத்துக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

மகள் ஜிம்னாசியத்தில் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளி) 7-ஆம் வகுப்பு. கணிதத்தில் எப்போதும் ‘1’ வாங்குவாள். சில மாதங்களாக வகுப்பில் கை தூக்குவதில்லை. விடைத்தாள் கொடுத்ததும் மடித்துப் பைக்குள் திணித்துவிடுகிறாள். கேட்டால், ‘ஷ்ட்ரேபர்’ என்று கேலி செய்கிறார்களாம். நன்றாகப் படிப்பது அங்கே குற்றமா?
*ஒரு தாய், டோர்ட்முண்ட்*

குற்றமில்லை அம்மா. ஆனால் நன்றாகப் படிப்பதை வெளியே காட்டிக்கொள்ளும் விதத்துக்கு அங்கே எழுதாத சட்டங்கள் உண்டு. அவற்றைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் கறாராக அமல்படுத்துவார்கள். நம்மூர் ‘புத்தகப்புழு’ போல ‘ஷ்ட்ரேபர்’ என்பது செல்லப்பெயரும் இல்லை. ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கத் துடிப்பவர் என்ற இளக்காரம் அதில் இருக்கிறது.

யார்மீது இந்தப் பெயர் விழுகிறது என்று பாருங்கள். மணி அடிக்கும் நேரத்தில் “வீட்டுப்பாடம் கொடுக்க மறந்துவிட்டீர்களே” என்று ஆசிரியருக்கு நினைவூட்டுபவர். பக்கத்தில் ஒருத்தி 4 வாங்கி உட்கார்ந்திருக்க, தனக்கு 2 வந்ததற்குக் கண்ணைக் கசக்குபவர். “ஒன்றுமே படிக்கவில்லை” என்று புலம்பிவிட்டு 1 வாங்குபவர். சந்தேகம் கேட்டால் தாளைக் கையால் மறைப்பவர். 1 வாங்கிவிட்டு அடுத்தவருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரை வகுப்பு பெரும்பாலும் விட்டுவிடும்.

விடைத்தாள் திரும்பி வரும் அந்தச் சில நிமிடங்கள்தான் முக்கியம். பல வகுப்புகளில் ஆசிரியர் முதலில் பலகையில் 1 முதல் 6 வரை கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் எழுதுவார். பெயர் இருக்காது, ரேங்க் இருக்காது. ஆனால் 1-க்குக் கீழே ஒரே ஒரு ஆள் என்று தெரிந்தால், யார் அது என்று முப்பது தலைகளும் திரும்பும். உங்கள் மகள் தாளை மடிப்பது அந்த நொடிக்குப் பயந்துதான். யாராவது கேட்டால் சாதாரணக் குரலில், “ஒன்று வந்திருக்கு. உனக்கு எந்தக் கணக்கில் போச்சு?” என்று கேட்டுவிட்டு அவள் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். 3 என்று பொய் சொல்ல வேண்டாம். அது எப்படியும் வெளியே வரும், வந்தால் ‘நடிக்கிறாள்’ என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டிலும் இரண்டு விஷயத்தை நிறுத்துங்கள். “வேறு யாருக்கு 1?” என்ற கேள்வி ஒன்று. அவள் மறுநாள் அதையே வகுப்பில் விசாரிக்க நேரும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விடைத்தாள் படம் போடுவது இன்னொன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளி விளையாட்டு நாளில் அதிகப் புள்ளி எடுக்கும் பிள்ளைக்கு நாட்டின் குடியரசுத் தலைவர் கையெழுத்து அச்சிட்ட கௌரவச் சான்றிதழ் கிடைக்கும். அதே வகுப்பு கை தட்டும். வேகமாக ஓடுவது இயற்கையாக வந்தது, கணிதத்தில் 1 வாங்குவது ஆசிரியருக்குப் பிடிக்க உழைத்து வந்தது என்று ஒரு கணக்கு. ஜெர்மன் சமூக உளவியலாளர் கிளாவ்ஸ் பேன்கே ஜெர்மனி, கனடா, இஸ்ரேல் மூன்று நாட்டு நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை வைத்து, சகாக்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் கணித மதிப்பெண்ணைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார். ஆய்வு நடத்தும் அளவுக்கு அங்கே தெரிந்த சங்கதிதான் இது. உங்கள் மகளிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள்.

அவளைப் போன்றவர்கள் கூடும் இடத்துக்கு அவளை அனுப்புங்கள். மார்ச் மாதம் நடக்கும் ‘கங்காரு’ கணிதப் போட்டியில் ஏராளமான பள்ளிகள் கலந்துகொள்கின்றன, யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். அடுத்தது கணித ஒலிம்பியாட். 1961-இல் கிழக்கு ஜெர்மனியில் தொடங்கியது, இன்று 16 மாநிலங்களிலும் நடக்கிறது. பள்ளிச் சுற்று இலையுதிர் காலத்தில் வரும். கணித ஆசிரியரிடம் கோடை விடுமுறை முடிந்ததுமே கேட்டுவிடுங்கள். பல பள்ளிகளில் யாராவது கேட்டால்தான் வினாத்தாளையே எடுப்பார்கள்.

கேலி எல்லை மீறினால், அதாவது பையை ஒளித்து வைப்பது, குழு வேலையில் சேர்க்காமல் விடுவது, வகுப்புச் சாட்டில் படம் போடுவது என்று போனால், தேதி, சொன்ன வார்த்தை, யார் பார்த்தார்கள் மூன்றையும் எழுதி வைத்து வகுப்பாசிரியரிடம் நேரம் கேளுங்கள். அங்கே நகரவில்லை என்றால் பள்ளியின் ‘நம்பிக்கை ஆசிரியர்’ அல்லது பள்ளிச் சமூகப் பணியாளர். எதிர்த்தரப்புப் பெற்றோருக்கு நேரே போன் போடாதீர்கள். விஷயம் பிள்ளைகளிடமிருந்து பெரியவர்களுக்குப் போய்விடும்.

மகன் உயிரியல் எழுத்துத் தேர்வுகளில் 1, 2, 1 வாங்கினான். அரையாண்டுச் சான்றிதழில் 3 போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளை என்பதாலா?
*ஒரு தந்தை, ஸ்டுட்கார்ட்*

பாரபட்சம் இருக்கவே இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் முதலில் வாய்மொழி மதிப்பெண்ணைப் பாருங்கள். பத்தில் எட்டுக் குடும்பங்கள் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

கணக்கு இதுதான். எழுத்துச் சராசரி 1.3. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு வாய்மொழியில் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு இரண்டு பங்கு, வாய்மொழிக்கு ஒரு பங்கு என்றால் 2.2. சரிபாதி என்றால் 2.65, சான்றிதழில் அது 3 ஆகிவிடும். துணைப் பாடங்களில் சரிபாதி சகஜம்.

உங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டெம்பெர்கில் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்து, வாய்மொழி, செய்முறை ஒவ்வொன்றுக்கும் என்ன பங்கு என்பதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் அறிவிக்க வேண்டும். இடையில் மாணவர் கேட்டால் வாய்மொழி மதிப்பெண் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். ஆகவே “ஏன் 3?” என்று போய் நிற்காமல், “பங்கு என்ன? வாய்மொழியில் எவ்வளவு? ஒரு படி ஏற என்ன செய்ய வேண்டும்?” என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம் போலத்தான். அதில் முதல் ஐந்தை எழுத்துத் தேர்வுப் பெருமைக்குச் செலவழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. பெரிய பிள்ளை என்றால் அவனே போய்க் கேட்பதுதான் ஆசிரியருக்குப் பிடிக்கும்.

வாய்மொழி என்றால் தனியாக ஒரு தேர்வு என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் ஆள்காட்டி விரலை உயர்த்திப் பாடத்தில் பங்கெடுப்பதுதான் அது. சரியான விடை தெரிந்தால்தான் கை தூக்குவேன் என்று காத்திருக்கும் பிள்ளை தோற்றுப்போகும். வீட்டுப்பாடம் சரிபார்க்கும்போது, பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு முறை கை தூக்குவது எளிது, ஏனென்றால் விடை நோட்டில் இருக்கிறது. அடுத்து, இன்னொருவர் சொன்னதன் மேல் ஏறி நிற்பது: “லேனா சொன்னது சரி, ஆனால் பச்சையம் இல்லாத செடிக்கு அது பொருந்துமா?” என்பது போல. இதற்குத்தான் நல்ல மதிப்பெண். புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் 3-க்கு மேல் ஏறாது. ஒரு பாடவேளைக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொண்டால் போதும். எல்லாக் கேள்விக்கும் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தால் மேலே டோர்ட்முண்ட் வாசகிக்குச் சொன்ன பட்டப்பெயர் தேடி வரும்.

முன்னேற்றம் ஒரே வாரத்தில் தெரியாது. ஆசிரியர் குறித்து வைப்பது பல வாரங்களுக்கு ஒரு முறை. அரையாண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது திடீரென்று வாயைத் திறந்தால் பழைய குறிப்புகளை அது அழிக்காது.

அண்ணன் மகன் அங்கே பொறியியல் படிக்கிறான். 1.7 வாங்கியதாகச் சந்தோஷமாகச் சொல்கிறான். வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா?
*ஓர் அத்தை, நாகர்கோவில்*

தாராளமாக வாழ்த்துங்கள். பல்கலைக்கழகத்தில் 1.0 உச்சம், 1.3, 1.7, 2.0 என்று இறங்கி 4.0 கடைசித் தேர்ச்சி. 5.0 என்றால் தோல்வி. பொறியியலில் 1.7 பெரிய விஷயம். சட்டப் படிப்பில் அளவுகோலே வேறு: 18-க்கு 9 புள்ளி வாங்கினாலே நீதிபதி வேலைக்கும் பெரிய சட்ட அலுவலகங்களுக்கும் கதவு திறக்கும். பாதி மதிப்பெண்ணா என்று கேட்டுவிடாதீர்கள்.

எனக்கு 10-க்கு 8.2. ஜெர்மன் மதிப்பெண்ணில் எவ்வளவு? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*இறுதியாண்டு மாணவர், கோயம்புத்தூர்*

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ‘திருத்திய பவேரியச் சூத்திரம்’ என்பதைப் பயன்படுத்துகின்றன. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். தேர்ச்சி 5 என்றால்: 1.8-ஐ 5-ஆல் வகுத்தால் 0.36, மும்மடங்கு 1.08, கூட்டினால் 2.08. ‘நன்று’ என்ற வகுப்பில் வரும்.

தவறு இரண்டு இடத்தில் நடக்கிறது. தேர்ச்சி மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பூஜ்யத்தைப் போட்டால் 1.54 என்று இனிப்பாக வரும். விண்ணப்பத்தில் அதை எழுதினால் அவர்களே கணக்குப் போட்டுத் திருத்திவிடுவார்கள், 2.0-க்குள் கேட்கும் படிப்புக்குக் கட்டிய பணமும் வீண். உச்ச மதிப்பெண் என்பது முறைப்படி எடுக்கக்கூடிய உச்சம், உங்கள் கல்லூரியில் முதலிடம் வந்தவர் எடுத்தது இல்லை. இரண்டையும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தாளில் எழுதி வாங்கி இணைத்துவிடுங்கள்.

மகன் 4-ஆம் வகுப்பு. ஜெர்மன் பிள்ளைகளின் பெற்றோர் “மதிப்பெண் முக்கியமில்லை, குழந்தை சந்தோஷமாக இருக்கட்டும்” என்கிறார்கள். நாங்கள்தான் வீணாக அழுத்துகிறோமா?
*ஒரு தாய், முனிச்*

அதே பெற்றோரை மே மாத முதல் வாரத்தில் பாருங்கள். பவேரியாவில் அப்போதுதான் பிள்ளை அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று சொல்லும் மாறுதல் சான்றிதழ் வரும். ஜெர்மன், கணிதம், சுற்றுப்புறவியல் மூன்றின் சராசரி 2.33 வரை இருந்தால் ஜிம்னாசியம், 2.66 வரை 10-ஆம் வகுப்போடு முடியும் ரியால்ஷூலே. அதாவது 2, 2, 3 என்றால் உள்ளே. 2, 3, 3 என்றால் வெளியே. ஒரே ஒரு பாடத்தில் ஒரே ஒரு படிதான் வித்தியாசம். மூன்றாம் வகுப்பிலிருந்தே சத்தமில்லாமல் டியூஷன் வைப்பவர்கள் பலர். அதை விளையாட்டு மைதானத்து பெஞ்சில் யாரும் சொல்லமாட்டார்கள்.

சராசரி இந்த எல்லைக்கு வெளியே போய்விட்டால் மூன்று நாள் சோதனைப் பாடம் உண்டு. ஜெர்மன், கணிதம் இரண்டும். ஒன்றில் 3, மற்றதில் 4 வந்தால் இடம் கிடைக்கும். இரண்டிலும் 4 என்றால் முடிவு பெற்றோர் கையில். நம் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது கணிதத்தில் இல்லை, ஜெர்மன் கட்டுரையில். அதனால் நேரத்தை அங்கே போடுங்கள்.

இப்போது கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் இல்லை. ரியால்ஷூலே 10-ஆம் வகுப்பு முடித்து மேல்நிலைத் தொழிற்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் பவேரியாவில் ஏராளம். வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் இந்தத் தசமக் கணக்கே கிடையாது. ஆசிரியர் பரிந்துரை மட்டும் செய்வார், எந்தப் பள்ளி என்பது பெற்றோர் முடிவு.

முதுகலை முதல் ஸெமஸ்டரில் இரண்டு தேர்வில் தோல்வி. ஊரில் எப்போதும் முதல் வகுப்பு. பேராசிரியரிடம் கொஞ்சம் மதிப்பெண் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாமா? கூடப் படிக்கும் ஜெர்மானியர் சிரித்துக்கொண்டே “நானும் போய்விட்டேன்” என்கிறார்கள்.
*மாணவர், கெம்னிட்ஸ்*

கேட்காதீர்கள். கெஞ்சி வாங்கும் மதிப்பெண் என்ற ஒன்று அங்கே கிடையாது; கேட்டதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

அவர்கள் சிரிப்பதை நம்பி நீங்களும் சிரிக்க வேண்டாம். முதல் முயற்சியில் தோற்பது அங்கே அவமானம் இல்லை என்பது உண்மை. 4.0-இல் தப்பித்தாலே வெற்றி என்று மாணவர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சும் உண்டு. ஆனால் பெரும்பாலான தேர்வு ஒழுங்குகளில் மூன்றே முயற்சி. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் ‘இறுதித் தோல்வி’; பதிவு நீக்கப்படும், வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் சேரவும் பொதுவாக முடியாது. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அதன் பொருள் புரியும். உங்கள் படிப்பின் தேர்வு ஒழுங்கை இறக்கி, முயற்சி எத்தனை, தேர்விலிருந்து விலகக் கடைசி நாள் எது, உடல்நிலை சரியில்லை என்றால் மருத்துவச் சான்று எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்ற மூன்றையும் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு போய் எழுதிவிட்டுப் பிறகு சான்று கொடுப்பவர்கள் ஒவ்வொரு ஸெமஸ்டரிலும் ஒரு முயற்சியை இழக்கிறார்கள்.

அடுத்தது விடைத்தாள் பார்வை. மதிப்பெண் வந்த சில வாரங்களில் ஒரு நாள், ஒரு அறை, ஒரு மணிநேரம் என்று அறிவிப்பார்கள். நம் மாணவர்கள் வெட்கப்பட்டுப் போவதில்லை. போங்கள். முதலில் ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள், கூட்டல் பிழை நடப்பதுதான். பிறகு உங்கள் வழிமுறைக்கு எங்கே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். விடை மட்டும் சரியாக இருந்து இடைப்படிகள் இல்லாததால் புள்ளி போவது நம்மவர்களுக்கு வழக்கம். “3-ஆம் கேள்வி ‘ஆ’ பிரிவில் சமன்பாடு சரி, அலகு மட்டும் தவறு; இதற்குப் பகுதிப் புள்ளி உண்டா?” என்று குறிப்பிட்டுக் கேட்டால் திருத்தியவர் மதித்துப் பதில் சொல்வார்.

மாணவர் மன்றத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். பயிற்சித் தாள்களைத் தனியாக அறையில் உட்கார்ந்து போடாமல் மூன்று பேராகச் சேர்ந்து போடுங்கள். அங்கே நல்ல மாணவர் என்ற பெயர் அந்த மேசையில்தான் உருவாகிறது. இன்னொன்று: தேறிவிட்ட தேர்வை மதிப்பெண் கூட்டுவதற்காக மறுபடி எழுதப் பெரும்பாலும் விடமாட்டார்கள். படிக்காமல் போய் 3.7 வாங்கினால் அது கடைசிவரை கூடவே வரும். சில இடங்களில் இதற்கு விலக்காக ‘இலவச முயற்சி’ விதி உண்டு, அதையும் ஒழுங்கில் தேடுங்கள்.

விரிவுரை முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டினால் திகைக்காதீர்கள். அது கைதட்டல்.

ஜெர்மானியர்களுக்கு ‘எலைட்’ என்றாலே பிடிக்காது என்று படித்தேன். இவ்வளவு அறிவியல் மேதைகளைத் தந்த நாட்டுக்கு ஏன் இந்தக் கூச்சம்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை*

1933-இலிருந்து நாஜி அரசு தன் வருங்காலத் தலைவர்களை வார்க்க ‘நாப்போலா’ என்ற உறைவிடப் பள்ளிகளை நடத்தியது. பொறுக்கி எடுத்த பிள்ளைகள், சீருடை, உடற்பயிற்சி, நாமே மேலானவர்கள் என்ற பாடம். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் பிள்ளைகளைப் ‘பொறுக்கி எடுப்பது’ பற்றிப் பேசியவர் எவரும் இந்த நிழலோடுதான் பேச வேண்டியிருந்தது. 1960-களில் இன்னொரு பக்கமும் சேர்ந்தது: ஜிம்னாசியம் என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாக இருக்கிறது, கல்வி எல்லோருக்கும் உரிமை என்ற குரல்.

கிழக்கில் கதை வேறு. அங்கே கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தனிச் சிறப்புப் பள்ளிகள் இருந்தன, ஒலிம்பியாட் இருந்தது, முதலிடம் வந்தவரைப் பாராட்டத் தயங்கவில்லை. ஆனால் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு மதிப்பெண் இருந்தும் மேல்நிலைப் பள்ளி கிடைக்கவில்லை. திறமையைப் பாராட்டிய அரசே யாருடைய திறமை என்பதையும் தீர்மானித்தது.

2004-இல் அப்போதைய ஆட்சித் தலைவர் (சான்சலர்) ஷ்ரோடரின் கட்சி, ஜெர்மனிக்கும் ‘எலைட் பல்கலைக்கழகம்’ வேண்டும் என்றது. ஒரே கூச்சல். 2005-இல் மத்திய அரசும் மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டபோது பெயர் ‘எக்ஸலன்ஸ் திட்டம்’ என்று மாறியிருந்தது. 2006-இல் முதலில் தேர்வான மூன்றில் இரண்டு முனிச்சில், ஒன்று கார்ல்ஸ்ரூவேயில். பத்திரிகைகள் அவற்றை எலைட் பல்கலைக்கழகம் என்றேதான் எழுதின.

அரசியல்வாதிகளைப் பார்த்தாலும் இந்தக் கூச்சம் தெரியும். 2013 தேர்தலில் மோதிய இருவரில் அங்கேலா மேர்க்கெல் 1973-இல் பள்ளி இறுதித் தேர்வில் 1.0, ரஷ்ய மொழி ஒலிம்பியாட் வெற்றியாளர். பேயர் ஷ்டைன்ப்ரூக் பள்ளியில் இரண்டு முறை தேறாமல் வகுப்பைத் திரும்பப் படித்தவர், பின்னாளில் நிதியமைச்சர். தோற்று மீண்ட கதையை மேடையில் தயங்காமல் சொல்லலாம், கூட்டம் ரசிக்கும். 1.0-ஐ அப்படிச் சொல்ல முடியாது. பத்திரிகைக்காரர் எழுதினால்தான் உண்டு.

அவ்வளவு அடக்கம் என்றால், வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் எல்லாம் ‘டாக்டர்’ என்று ஏன் போட்டுக்கொள்கிறார்கள்?
*வாசகர், திருச்சி*

சரியான இடத்தில் பிடித்தீர்கள். மதிப்பெண்ணைச் சொன்னால் பீற்றல். பட்டத்தை எழுதினால் ஒழுங்கு. முனைவர் பட்டத்தை அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும்கூடப் பதிந்துகொள்ளலாம். அந்த இரண்டெழுத்துக்கு எவ்வளவு எடை என்பதற்கு, ஆய்வேட்டில் பிறர் எழுத்தை எடுத்தாண்ட புகாரில் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் 2011-இல் பதவி விலகியதே சாட்சி. 2013-இல் கல்வி அமைச்சர் ஷாவான், 2021-இல் குடும்பநல அமைச்சர் கிஃபாய் என்று வரிசை நீண்டது.

இந்தியாவில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கவனிக்க: அங்கே அதை அசல் வடிவத்தில், அதாவது பிஎச்.டி. என்று, கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரோடு எழுத வேண்டும். உரிமையில்லாத பட்டத்தைப் போட்டுக்கொள்வது குற்றவியல் சட்டத்தின் 132-அ பிரிவில் வரும்.

மூன்று வருடமாக ஒரே நிறுவனம். மேலாளர் ஒருநாளும் பாராட்டியதில்லை. இப்போது வேறு வேலைக்குப் போகிறேன். சான்றுக் கடிதத்தில் “எங்கள் முழுத் திருப்திக்கு” என்று எழுதித் தந்திருக்கிறார். நல்லதுதானே?
*மென்பொருள் பொறியாளர், உல்ம்*

நல்லதில்லை, சராசரி. உங்கள் ஊர்ப்பக்கம் ஷ்வாபியர்களிடம் “திட்டவில்லை என்றாலே போதுமான பாராட்டு” என்று ஒரு சொலவடை உண்டு. மேலாளரின் மௌனத்துக்குப் பொருள் அது. ஆனால் கடிதத்தை அப்படி விட்டுவிடக் கூடாது. இந்தக் கடிதங்களில் ஒரு ரகசியப் படிக்கட்டு இருக்கிறது: “எப்போதும் மிக முழுமையான திருப்திக்கு” என்றால் 1. “எப்போதும் முழுத் திருப்திக்கு” என்றால் 2. ‘எப்போதும்’ இல்லாமல் “முழுத் திருப்திக்கு” என்றால் 3. வெறும் “திருப்திக்கு” என்றால் 4. உங்களுடையது 3.

ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் நீதிமன்றம் வரை போனால் 3-க்கு மேல் தகுதி உண்டென்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 3-க்குக் கீழே போட்டால் நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. 2014-இல் மத்தியத் தொழிலாளர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. ஆகவே சண்டைக்குப் போகாமல், செய்த வேலைகளைத் தேதியோடு ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்து, “எப்போதும்” சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.

நடத்தை பற்றிய வரியையும் பாருங்கள்: “மேலதிகாரிகளிடமும் சக ஊழியர்களிடமும்” என்ற வரிசை இருக்க வேண்டும். சக ஊழியர் முன்னால் வந்தால் மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்று படிப்பார்கள். கடைசியில் நன்றி, வருத்தம், வாழ்த்து மூன்றும் இருந்தால் நல்ல பிரிவு. அதைச் சட்டப்படி கேட்க முடியாது. விட்டுப்போயிருந்தால் மறதியா என்று விசாரிக்கலாம்.

சி.ஜி.பி.ஏ. பிரமாதமாக இருந்தும் உதவித்தொகை விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. என்னைவிடக் குறைந்தவருக்குக் கிடைத்தது. எங்கே பிழை?
*மாணவி, டார்ம்ஷ்டாட்*

ஊக்கக் கடிதத்தில் “சிறுவயது முதலே முதலிடம்”, “என் உயரிய லட்சியம்” போன்ற வரிகள் இருந்தால் பிழை அங்கேதான். “தற்புகழ்ச்சி நாறும்” என்பது ஜெர்மன் பழமொழி. படிப்பவர் ஒவ்வொரு பெயரடையையும் சந்தேகத்தோடு பார்ப்பார். மதிப்பெண் பட்டியல் இணைப்பில் இருக்கிறது, அதைக் கடிதத்தில் மறுபடி பாட வேண்டாம்.

‘டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம்’ என்பது மாதம் 300 யூரோ. பாதி அரசு, பாதி தனியார் கொடையாளர். 2011-இலிருந்து இருக்கிறது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், பெற்றோர் வருமானம் தடையில்லை. விண்ணப்பிக்க வேண்டியது உங்கள் பல்கலைக்கழகத்திலேயே. மதிப்பெண்ணோடு சமூகப் பணியும் குடும்பச் சூழலும் கணக்கில் வரும் என்று விதியே சொல்கிறது. உங்களைவிடக் குறைந்த மதிப்பெண்காரர் பெரும்பாலும் அங்கே முந்தியிருப்பார். “சமூக அக்கறை உள்ளவள்” என்று எழுதினால் புள்ளி இல்லை. “அக்டோபர் முதல் ஒவ்வொரு புதன் மாலையும் இரண்டு மணிநேரம் அகதிப் பிள்ளைகளுக்குக் கணிதம், ஒருங்கிணைப்பாளரின் சான்று இணைப்பு 4” என்று எழுதினால் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பது போன்றவற்றையும் ஒரே வரியில், அழுகை இல்லாமல் எழுதுங்கள்.

கட்சி சார்ந்த அறக்கட்டளைகளில் கோன்ராட் அடனாவர், ஃபிரீட்ரிஷ் ஏபர்ட், ஹைன்ரிஷ் ப்யோல் மூன்றும் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கின்றன. ஜெர்மன் மொழியறிவு கேட்பார்கள், ஒவ்வொன்றின் நிலைப்பாடும் வேறு. ஒரே கடிதத்தை மூன்றுக்கும் அனுப்பினால் மூன்றிலும் போய்விடும். 1925-இல் டிரெஸ்டனில் தொடங்கிய ‘ஷ்டூடியன்ஷ்டிஃப்டுங்’ என்ற உதவித்தொகை அமைப்பின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஊரிலிருந்து மாணவர் விசாவில் முதுகலைக்கு வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. அங்கேயே பள்ளி முடிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும். அவர்களைப் பள்ளியே பரிந்துரைக்கலாம், தலைமையாசிரியர் தானாக நினைத்துக்கொள்வார் என்று காத்திருக்காமல் இறுதியாண்டின் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். பரிந்துரை வராவிட்டாலும் முதலாமாண்டில் தாமாகவே பதிந்து எழுதும் தேர்வு ஒன்று இருக்கிறது.